நேர்கோடு சொல்லும் இரண்டு செய்திகள்



கணக்கைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வகுப்பறையிலே கரும்பலகை இருக்கும். கையிலே சுண்ணக்கட்டி இருக்கும். ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதனை வரைந்து காட்டிவிடலாம். இங்கே என்னிடம் குரல் ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே, கரும்பலகையின் வேலையை நீங்கள்தாம் செய்ய வேண்டும். கட்டம் போட்ட தாள் ஒன்றும், பென்சிலும், அளவுகோலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் கிடைக்காதவர்கள் மனத்திலேயே கட்டங்களைப் போட்டுக்கொள்ளலாம்; நாம் இன்று வரையப்போகும் கோடுகள் அவ்வளவு எளியவை.

இன்றைய பேச்சின் பொருள், ஒருபடிச் சமன்பாட்டை நேர்கோடாக வரைவது. இக்காலப் பாடநூல்கள் இதனை நேரியல் சமன்பாடு என்று குறிக்கின்றன, இரண்டும் ஒன்றே. இப்பாடத்தை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஆயினும், கோட்டை வரையக் கற்பித்த அளவுக்கு, வரைந்த கோட்டைப் படிக்கக் கற்பித்தேனா என்ற ஐயம் எனக்குப் பின்னாளில் ஏற்பட்டது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியை இறுதியில் கூறுகிறேன். முதலில் கோட்டைப் பார்ப்போம்.

சமன்பாடு என்பது எண்ணும் எழுத்தும் சேர்ந்தது. கோடு என்பது கண்ணுக்குப் புலப்படும் உருவம். ஒன்று இயற்கணிதத்தைச் சேர்ந்தது. மற்றொன்று வடிவியலைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் இருவர் இவற்றுக்கிடையே ஒரு பாலம் அமைத்தனர். ஒருவர் தத்துவ ஞானியாகிய ரெனே டெக்கார்ட். அவருடைய வடிவியல் நூல் 1637-இல் வெளிவந்தது. மற்றவர் சட்டத்துறையில் பணியாற்றிக்கொண்டே கணிதத்தில் ஈடுபட்ட பியர் டி ஃபெர்மா. இரண்டு மாறிகளைக் கொண்ட முதற்படிச் சமன்பாடு ஒரு நேர்கோட்டைக் குறிக்கும் என்பதை ஃபெர்மா எழுதி வைத்தார். ஆனால், அவர் 1665-இல் மறைந்த பிறகு, 1679-இல்தான் அக்கட்டுரை அச்சேறியது. இவர்கள் இருவரும் தனித்தனியே கண்ட வழியில்தான் நாமும் இன்று நடக்கப்போகிறோம்.

தாளின் நடுவே கிடையாக ஒரு கோடு இழுங்கள். அது எக்ஸ் அச்சு. அதற்குச் செங்குத்தாக மற்றொரு கோடு இழுங்கள். அது ஒய் அச்சு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆதிப்புள்ளி. இத்தாளில் உள்ள எந்தப் புள்ளிக்கும் இரண்டு எண்களே முகவரி. முதல் எண் வலப்புறமோ இடப்புறமோ எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும். இரண்டாம் எண் மேலோ கீழோ எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும்.

ஒரு சமன்பாட்டைக் கொடுத்துக் கோடு வரையச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எக்ஸுக்குச் சில மதிப்புகளை வைத்துக்கொண்டு, ஒய்யின் மதிப்புகளைக் கணக்கிட்டு, ஓர் அட்டவணை போடுவீர்கள். புள்ளிகளைக் குறித்து அளவுகோலை வைத்து இணைப்பீர்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அட்டவணை போட்டவுடன் சமன்பாட்டை மறந்துவிடுகிறோம். கோடு வரைந்தவுடன் அட்டவணையை மறந்துவிடுகிறோம். அந்தக் கோடு ஏன் அவ்விடத்தில் தொடங்கியது, ஏன் அவ்வளவு செங்குத்தாக ஏறியது என்று நாம் கேட்பதே இல்லை. அட்டவணை இல்லாமலே, சமன்பாட்டைப் பார்த்தவுடன் கோட்டை வரையும் வழி ஒன்று உண்டு. அதற்குச் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவம் என்று பெயர்.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்கெனவே நீர் நிற்கிறது. குழாயைத் திறந்துவிடுகிறோம். நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் வீதம் நீர்மட்டம் உயர்கிறது. எக்ஸ் நிமிடம் கழித்து நீர்மட்டம் எவ்வளவு? முன்பே இருந்த 3. அதனோடு நிமிடத்துக்கு 2 வீதம் சேர்ந்தது. ஆகவே, ஒய் = 2 எக்ஸ் + 3.

இப்போது வரைவோம். குழாயைத் திறக்கும் கணத்தில் எக்ஸ் பூச்சியம், நீர்மட்டம் 3. ஆகவே, ஒய் அச்சில் 3 என்னும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கோடு ஒய் அச்சை வெட்டும் இடம் இதுதான். இந்த 3 என்ற எண்ணுக்கு வெட்டுத்துண்டு என்று பெயர். அடுத்து, ஒரு நிமிடம் செல்கிறது; நீர் 2 சென்டிமீட்டர் உயர்கிறது. எனவே அந்தப் புள்ளியிலிருந்து வலப்புறம் ஒரு கட்டம் செல்லுங்கள். அங்கிருந்து மேலே இரண்டு கட்டம் ஏறுங்கள். அங்கே ஒரு புள்ளி. மீண்டும் ஒன்று வலம், இரண்டு மேல், இன்னொரு புள்ளி. மூன்றையும் அளவுகோலால் இணையுங்கள். கோடு வந்துவிட்டது. ஒரு படிக்கு எவ்வளவு ஏற்றம் என்பதைக் கூறும் அந்த 2 என்ற எண்ணே சாய்வு.

சரிபார்ப்போமா? எக்ஸ் 5 ஆனால் ஒய் 13 ஆக வேண்டும். உங்கள் கோட்டை நீட்டிப் பாருங்கள். ஐந்தாம் கட்டத்துக்கு நேரே பதின்மூன்றில் அது நிற்கும்.

இக்கோடு ஏன் வளையாமல் நேராகச் செல்கிறது? ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏற்றம் ஒன்றாகவே இருப்பதனால்தான். ஒன்று வலம், இரண்டு மேல் என்று நீங்கள் போட்ட ஒவ்வொரு படியும் ஒரே அளவுள்ள சிறு முக்கோணம். எல்லா முக்கோணங்களும் ஒரே கோணத்தில் சாய்ந்திருக்கின்றன. ஆகவே அவற்றின் சாய்ந்த பக்கங்கள் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. குழாயில் நீர் வரவர வேகமாக வந்தால் கோடு வளைந்துவிடும்.

பொதுவாக இவ்வடிவத்தை ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதுவர். எம் என்பது சாய்வு. சி என்பது வெட்டுத்துண்டு. சி என்பது எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறது. எம் என்பது அங்கிருந்து எப்படிச் செல்கிறது என்று சொல்கிறது. ஒரு நேர்கோட்டைப் பற்றி நாம் அறிய வேண்டிய செய்திகள் இவ்விரண்டே. எம் மாறாமல் சி மட்டும் மாறினால் கோடு திரும்பாது. இருந்த நிலையிலேயே மேலோ கீழோ நகரும். அதனால்தான் ஒரே சாய்வுள்ள இரு வேறு கோடுகள் இணைகோடுகளாக இருக்கின்றன. சி மாறாமல் எம் மட்டும் மாறினால், கோடு ஒய் அச்சிலுள்ள அப்புள்ளியைப் பற்றிக்கொண்டு திரும்பும்.

சாய்வு பின்னமாக வந்தால் பலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டியதில்லை, பின்னமே வழியைச் சொல்லிவிடுகிறது. சாய்வு மூன்றில் இரண்டு, வெட்டுத்துண்டு 1 என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள 3, வலப்புறம் செல்ல வேண்டிய கட்டங்கள். மேலே உள்ள 2, ஏற வேண்டிய கட்டங்கள். ஒய் அச்சில் 1-இல் தொடங்குங்கள். மூன்று வலம், இரண்டு மேல். எக்ஸ் 3, ஒய் 3 என்னும் புள்ளிக்கு வந்துவிட்டீர்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டடங்களில் அமைக்கும் சாய்தளத்துக்கு 12-க்கு 1 என்று அளவு கூறுவார்கள். பன்னிரண்டு அடி நீளத்தில் ஓர் அடி ஏற்றம் என்பது அதன் பொருள். கொத்தனார் சொல்லும் அந்த அளவும் நாம் சொல்லும் சாய்வும் ஒன்றே.

சாய்வு எதிர்மறையாகவும் வரலாம். எட்டு அங்குல மெழுகுவத்தி ஒன்று மணிக்கு 2 அங்குலம் வீதம் எரிந்து குறைகிறது என்று கொள்வோம். ஒய் = −2 எக்ஸ் + 8. தொடக்கம் ஒய் அச்சில் 8. பிறகு ஒன்று வலம், இரண்டு கீழ். நான்கு மணி நேரம் ஆனதும் கோடு எக்ஸ் அச்சைத் தொடுகிறது, மெழுகுவத்தி முடிந்தது. அளவுகோலை வைத்து இன்னும் நீட்டினால் கோடு அச்சுக்குக் கீழேயும் செல்லும். ஆனால் மெழுகுவத்தி செல்லாது. கோடு எதுவரை உண்மை என்பதைக் கோடு சொல்லாது. பொருளை அறிந்த நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும் இல்லாவிட்டால் சாய்வு பூச்சியம். ஒய் = 5 என்பது எக்ஸ் அச்சுக்கு இணையான கோடு. எக்ஸ் = 4 என்பதோ நிமிர்ந்து நிற்கும் கோடு. அதில் வலப்புறம் ஒரு கட்டமும் செல்ல முடியாது. ஏற்றத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேரும். ஆகவே அதற்குச் சாய்வு என்று ஓர் எண் இல்லை; அதனை ஒய் = எம் எக்ஸ் + சி என்னும் வடிவில் எழுதவும் இயலாது.

விடைத்தாள்களில் நான் அடிக்கடி கண்ட பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 3 எக்ஸ் + 2 ஒய் = 12 என்று சமன்பாடு கொடுத்திருப்பார்கள். எக்ஸுக்கு முன்னால் 3 இருப்பதைக் கண்டு, சாய்வு 3 என்று எழுதிவிடுவர். அவசரம் கூடாது. ஒய்யைத் தனியே நிறுத்திய பிறகுதான் சாய்வைப் படிக்கலாம். 3 எக்ஸை மறுபக்கம் கொண்டுசென்று, எல்லாவற்றையும் 2-ஆல் வகுத்தால், ஒய் = −(3/2) எக்ஸ் + 6 என்று வரும். தொடக்கம் 6, இரண்டு வலம், மூன்று கீழ். இதனை நீங்களே வரைந்து பாருங்கள். எக்ஸ் அச்சை 4-இல் அது வெட்டினால் உங்கள் கோடு சரி.

இனி, வீட்டிலேயே உள்ள ஒரு நேர்கோட்டைப் பார்ப்போம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில் சிலவற்றில் செல்சியஸ் அளவும் சிலவற்றில் ஃபாரன்ஹீட் அளவும் இருக்கும். ஃபாரன்ஹீட் = 1.8 செல்சியஸ் + 32 என்பது இரண்டுக்கும் உள்ள உறவு. இதுவும் ஒரு நேர்கோடு. வெட்டுத்துண்டு 32, சாய்வு 1.8. பனிக்கட்டி உருகும் நிலை செல்சியஸில் பூச்சியம், ஃபாரன்ஹீட்டில் 32. செல்சியஸ் 37 என்றால் 98.6. இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் ஒன்று உண்டா? ஒய் = எக்ஸ் என்ற கோட்டையும் அதே தாளில் வரைந்தால், இரு கோடுகளும் −40-இல் சந்திப்பதைக் காணலாம்.

இங்கே ஒரு கேள்வி. குழந்தையின் காய்ச்சல் நேற்றைவிட 1 செல்சியஸ் பாகை கூடியிருக்கிறது. ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு கூடியிருக்கிறது? சூத்திரத்தில் 1-ஐ இட்டு, 33.8 என்று விடை சொன்ன மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவ்வளவு கூடினால் குழந்தையின் நிலை என்னவாகும்! சரியான விடை 1.8. மாற்றத்தைக் கேட்டால் சாய்வு மட்டுமே பேசும். தொடக்கத்துக்கு அங்கே வேலை இல்லை. நிலையைக் கேட்டால்தான் இரண்டும் சேர்ந்து பேசும். இந்த வேறுபாட்டை உணர்ந்தவர், இப்பாடத்தின் பெரும்பகுதியை உணர்ந்தவர் ஆவார்.

முதலில் சொன்ன நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு என்னைக் காண வந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் வரைபடக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவர். குடும்பத் தேவைக்காக 50,000 ரூபாய் கடன் வாங்கி, இரண்டு ஆண்டுகளாகியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்று வருந்தினார். என்ன வட்டி என்று கேட்டேன். "மூன்று வட்டிதான், ஐயா" என்றார். நம் ஊர்ப் பேச்சில் மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு. "தம்பி, வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்றேன். கடன் சங்கம் ஒன்றில் ஒரு வட்டிக்குக் கிடைத்ததாம். ஆனால் பத்திரம், பதிவு என்று முன்னதாகவே 3,000 ரூபாய் செலவாகும் என்றார்களாம். மற்றவரிடம் கையிலிருந்து முன்பணமாக ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே அவரிடமே வாங்கிவிட்டாராம்.

நான் நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இரு அச்சுகள் வரைந்தேன். கிடை அச்சில் ஒரு கட்டம் ஒரு மாதம். நிலை அச்சில் ஒரு கட்டம் 500 ரூபாய். நீங்களும் வரையுங்கள். முதற் கடனில் முன்செலவு இல்லை. மாதம் 1,500 ரூபாய் வட்டி. ஒய் = 1,500 எக்ஸ். ஆதிப்புள்ளியில் தொடங்கி, ஒன்று வலம், மூன்று மேல். இரண்டாவது கடனில் முன்செலவு 3,000. மாதம் 500 ரூபாய் வட்டி. ஒய் = 500 எக்ஸ் + 3,000. ஆறாம் கட்டத்தில் தொடங்கி, ஒன்று வலம், ஒன்று மேல்.

இரு கோடுகளும் எங்கே சந்திக்கின்றன? மூன்றாம் மாதத்தில், செலவு 4,500 ரூபாய். அதற்குள் கடனை அடைப்பவருக்கு முதல் வழி மலிவு. அதற்குப் பிறகு முதற்கோடு மேலே மேலே சென்றுவிடுகிறது. ஓர் ஆண்டு முடிவில் ஒன்று 18,000, மற்றொன்று 9,000. இரண்டு ஆண்டு முடிவில் ஒன்று 36,000, மற்றொன்று 15,000.

அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, பள்ளியில் நாங்கள் போட்டது இதைத்தானா?" என்று கேட்டார்.

அக்கேள்வி என்னைச் சுட்டது. பிழை அவருடையது அன்று. முழு மதிப்பெண் வாங்கும்படி கோடு வரையக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுக்காதவனும் நானே. அவர் தொடக்கத்தைப் பார்த்தார்; சாய்வைப் பார்க்கவில்லை. வெட்டுத்துண்டு உடனே கண்ணில் படும். கையிலிருந்து போகும் பணம் அது. சாய்வோ மெல்ல மெல்ல, மாதந்தோறும், ஓசையின்றி வேலை செய்யும். மக்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று: இக்கணக்கு தனிவட்டிக்கு மட்டுமே பொருந்தும். கட்டாத வட்டிக்கும் வட்டி என்று ஏறும் கூட்டுவட்டியாக இருந்தால், ஏற்றம் மாதத்துக்கு மாதம் மிகும். கோடு நேராக நில்லாமல் மேல்நோக்கி வளையும். அங்கே ஒரே சாய்வு என்பது இல்லை. இரண்டு: ஒரு வரைபடத்தில் கோடு செங்குத்தாகத் தெரிகிறதா, படுத்திருக்கிறதா என்பதை மட்டும் கண்டு மயங்காதீர்கள். அச்சில் ஒரு கட்டத்துக்கு 500 ரூபாய் என்பதற்குப் பதிலாக 5,000 ரூபாய் என்று வைத்திருந்தால், அதே கடன் மிக மெல்ல ஏறுவதுபோல் தோன்றும். முதலில் அச்சுகளில் உள்ள எண்களைப் படியுங்கள். பிறகு கோட்டைப் படியுங்கள்.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு நேர்கோட்டை வரைந்து முடித்ததும், பென்சிலை உடனே கீழே வைத்துவிடாதீர்கள். அதனிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எங்கே தொடங்கினாய்? ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு ஏறுகிறாய், அல்லது இறங்குகிறாய்? இவ்விரண்டுக்கும் விடை எழுதிய பின்னரே கணக்கு முடிந்ததாகக் கொள்ளுங்கள். தேர்வுத் தாளில் அதற்குத் தனி மதிப்பெண் இல்லாமற் போகலாம். ஆயினும், பின்னொரு நாள் யாரேனும் ஒருவர் உங்கள் முன் ஒரு பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போது, அவ்விரு கேள்விகளும் உங்கள் நினைவுக்கு வந்தால் போதும். நான் பள்ளியில் சொல்லாமல் விட்டதை இன்று வானொலியில் சொல்லிவிட்டேன் என்ற நிறைவு எனக்குக் கிடைக்கும்.